குறைந்த வரும்படியும் மளிகைக் கணக்கும்

வரும்படி பெருகுங்காலத்துச் செலவு தானே பெருகிக்கொள்ளும். அதற்கு ஒருவருடைய போதனையும் வேண்டுவதில்லை. வரும்படி சுருங்குங்காலத்திலோ செலவு தானே சுருங்குவதில்லை. அதைச் சுருக்குவதற்கு யோசனையும் முயற்சியும் சிறிது கூச்சமின்மையும் வேண்டியிருக்கின்றன. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்று, முன்னைச் சம்பளத்தில் ஒரு பங்கையே பென்ஷனாகப் பெறுவோர், வேலை செய்த ஆலையோ கம்பெனியோ மூடப்பட்டமையால் கிடைத்த சம்பளத்திற்கு வேறிடத்தில் அமர்ந்தோர், இருவர் சம்பாதித்த வீட்டில் நோயினாலோ முதுமையினாலோ ஒருவரே சம்பாதிக்கும் நிலைக்கு வந்தோர் ஆகிய குடும்பஸ்தர்கள் இன்று நம் பட்டணங்களிற் பலர். அவர்களுடைய மளிகைக் கணக்கைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ராஜீய விவகாரங்களைப் பேசும் இப்பக்கத்தில் துவரம்பருப்புக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். சர்க்காரின் வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாக ஆராய்ந்து கண்டனம் செய்யும் நண்பர்களுள், தம் வீட்டுத் துவரம்பருப்பு சென்ற மாதம் கிலோ என்ன விலைக்கு வாங்கப்பட்டதென்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? இது பெண்டிர் காரியம் என்று ஒதுக்கிவிடுவதே நம்மவர் வழக்கம். ஆனால், இக்காரியத்தில் ஆடவர் காட்டும் அசிரத்தையின் பலனைப் பெண்டிரே தம் உடம்பினால் அனுபவிக்கிறார்கள். அது எவ்வாறென்று பார்ப்போம்.

வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், மின்சாரக் கட்டணம், வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ஆகிய யாவும் வெளியார் நிர்ணயித்தவை. வாடகை குறைந்தால் வீட்டுக்காரர் கேட்பார். தவணை தவறினால் பாங்கியார் கேட்பார். குழம்பில் பருப்புக் குறைந்தால் கேட்பவர் எவர்? ஆகவே, வரும்படி குறைந்தவுடன் கத்தி முதலில் விழுவது சாப்பாட்டின் மீதே. வரும்படி குறையக் குறைய அதில் உணவுக்குச் செல்லும் பங்கு உயர்ந்துகொண்டே போகும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளிவிவர நிபுணர் 1857-ஆம் வருஷத்திலேயே எடுத்துக்காட்டினார். இந்திய சர்க்கார் 2023-24-இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கின்படி, கிராமக் குடும்பங்களின் செலவில் 100-க்குச் சுமார் 47 பங்கும், நகரக் குடும்பங்களின் செலவில் சுமார் 40 பங்கும் உணவுக்கே போகின்றன. இது சராசரிக் கணக்கு. எளிய குடும்பங்களில் இப்பங்கு இன்னும் அதிகம் என்று சொல்ல வேண்டுவதில்லை.

உணவு குறையும்போது அது எல்லோருக்கும் சமமாகக் குறைவதில்லை. குழந்தைகளுக்கு முதலில், சம்பாதிப்பவருக்கு அடுத்தபடி, மிஞ்சியதே சமைத்தவளுக்கு. இதுவே நம் வீடுகளில் எழுதாத சட்டம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்டிரில் 100-க்கு 53 பேருக்கு மேல் ரத்தச் சோகையுடையவர் என்று 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. எனினும், பருப்பும் கீரையும் பாலும் முட்டையும் முதலில் நிறுத்தப்படும் வீட்டில் இந்நோய் எவ்வாறு நீங்கும்?

இங்கே ஒரு வேற்றுமையை நன்றாக உணர வேண்டும். உண்ணும் அளவைக் குறைப்பது ஒருவகைச் சிக்கனம். உண்பதற்குக் கொடுக்கும் விலையைக் குறைப்பது மற்றொரு வகைச் சிக்கனம். முன்னது சுலபம், அதற்குக் கடைத்தெருவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பின்னதற்கு நாலு கடை ஏறி இறங்க வேண்டும், விலை கேட்க வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும். முன்னதைச் செய்வதற்கு முன்னர்ப் பின்னதை முடிந்த மட்டும் செய்து பார்ப்பதே குடும்பத் தலைவனுடைய கடமை என்பது நமது கட்சி.

கணக்குக்காக, ஒரு குடும்பம் அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய்கறி முதலியவற்றுக்கு மாதம் 9,000 ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். வாங்கும் பொருள்களில் ஒரு பிடியும் குறையாமல், விலையில் மட்டும் ரூபாய்க்கு 10 பைசா மீதமானால் மாதம் 900 ரூபாய் மிஞ்சும். வருஷத்துக்கு 10,800 ரூபாய். நாள் ஒன்றுக்கு 30 ரூபாய். அரை லிட்டர் பாலுக்கும் ஒரு முட்டைக்கும் அது போதும். நிறுத்தப்படவிருந்த பாலும் முட்டையும் கடைத்தெரு விசாரணையினால் மாத்திரமே அவ்வீட்டில் நிலைத்து நிற்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா அற்பமென்று நினைப்பவர்கள் இக்கணக்கை இன்னொரு முறை படித்துப் பார்ப்பாராக.

பற்று நோட்டு

விலை விசாரிப்பதற்கு முதல் தடை கடன். தெருமுனை மளிகைக் கடையில் பற்று எழுதி வாங்குவது நெடுநாளைய வழக்கம். அதை முற்றிலும் இழித்துரைக்க மாட்டோம். 2020-ஆம் வருஷத்துக் கொரோனா ஊரடங்கின்போது வேலையிழந்த குடும்பங்கள் பலவற்றில் அடுப்பெரிந்தது இந்தப் பற்று நோட்டினாலேயே. பாங்கி கொடுக்காத கடனை மளிகைக்காரர் முகம் பார்த்துக் கொடுத்தார். எனினும் கடனுக்கு ஒரு குணம் உண்டு. அது வாயைக் கட்டிவிடும். மூன்று மாதப் பாக்கி வைத்திருப்பவர், அடுத்த தெருவில் உளுந்து கிலோவுக்குப் பத்து ரூபாய் மலிவாமே என்று கடைக்காரரை எவ்வாறு கேட்பார்? போட்ட விலையைப் பேசாமல் ஏற்றுக்கொள்வதே அவர் கதி. கடைக்காரரும் வாராத பாக்கியையும், தாம் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கும் வட்டியையும் எங்கே ஈடு செய்துகொள்வார்? விலையிலேதான். ஆகவே பற்று நோட்டில் வட்டி என்று ஒரு கலம் இல்லாவிடினும், வட்டி இல்லையென்று எண்ணுவது தவறு.

இதிலிருந்து விடுபடும் வழி கடையை மாற்றி ஓடி ஒளிவதன்று. கடைக்காரரிடம் நேரே சென்று, 'ஐயா, பழைய பாக்கியை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். அதை மாதந்தோறும் இவ்வளவு வீதம் தீர்த்துவிடுகிறேன். இனி வாங்குவதை ரொக்கத்துக்கே வாங்குகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். பாக்கி 6,000 ரூபாயானால், மாதம் 500 வீதம் ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும். முதல் மாதத்தில் எல்லாவற்றுக்கும் ரொக்கம் ஏது என்பது மெய்யான ஆட்சேபமே. அதற்குச் சமாதானம், ஒவ்வொரு பொருளாக மாற்றுவது. முதல் மாதம் பருப்பு வகைகளை மட்டும் ரொக்கத்துக்கு வாங்குக. அடுத்த மாதம் எண்ணெயையும் சேர்த்துக்கொள்க. ஆறு மாதத்திற்குள் நோட்டு தானே மூடப்படும். இன்று வாங்கிப் பின்னர்க் கொடுக்கலாம் என்று கைப்பேசியில் ஆசை காட்டும் புதுவகைக் கடன்களும் பற்று நோட்டின் ஜாதியைச் சேர்ந்தவையே. முகம் பார்த்துத் தவணை தள்ளும் தயவு மாத்திரம் அவற்றுக்கு இல்லை.

எங்கே எதை வாங்குவது?

எல்லாப் பொருளும் மலிவாகக் கிடைக்கும் கடை ஒன்று எங்கேனும் உண்டா? இல்லை. பெரிய அங்காடிக்காரர் சர்க்கரையையோ எண்ணெயையோ அடக்க விலைக்குக் கொடுத்து ஜனங்களை உள்ளே வரவழைப்பார்; வந்தவர் வாங்கும் மற்றப் பத்துச் சாமான்களில் அந்த நஷ்டத்தை எடுத்துக்கொள்வார். இது குற்றமன்று, வியாபாரம். அவருடைய வியாபாரத்தை நாமும் தெரிந்துகொண்டு, மலிந்ததை மட்டும் வாங்கி வெளியே வருவது நம்முடைய சாமர்த்தியம்.

முதலில் நியாயவிலைக் கடை. தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது. அரிசி அட்டைக்கு அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றியே வழங்கப்பட்டு வருகிறது. 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிக்கடை விலையோடு இவற்றை ஒப்பிட்டால் வித்தியாசம் சொல்லாமலே விளங்கும். ஆனால், நேற்றுவரை நல்ல சம்பளம் வாங்கிய குடும்பஸ்தருக்கு அந்த வரிசையில் நிற்கக் கூச்சம். அட்டை பெட்டியில் உறங்குகிறது. பருப்பு கடையில் உறங்குகிறது. வரி செலுத்தும் ஜனங்களின் பணத்தால் ஜனங்களுக்கென்று நடத்தப்படும் கடையில் தமக்குரிய பங்கை வாங்குவது பிச்சையாகாது. அந்த அரிசி சாதத்துக்குப் பிடிக்கவில்லையெனில் புழுங்கலரிசியை இட்டிலிக்கு அரைக்கலாம். பல வீடுகளில் அதுவே வழக்கம்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணாநகரில் முதற் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் மாகாணமெங்கும் பரவிற்று. அடையாள அட்டை பெற்ற விவசாயிகளே தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து நேரில் விற்கும் இடம் இது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே காலைதோறும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். அப்பலகை சந்தைக்குள் வாங்குபவருக்கு மாத்திரமன்றி, வெளியே வாங்குபவருக்கும் உதவுவது. இன்றைய நியாயமான விலை இன்னதென்று அறிந்த பின்னரே எந்தக் கடையிலும் பேரம் அர்த்தமுடையதாகும். சந்தை விடியற்காலையிலேயே சுறுசுறுப்படைந்துவிடும். வெயிலேறிய பின் போகிறவருக்கு நல்ல சரக்கு மிஞ்சாது.

பருப்பு, மிளகாய், புளி முதலிய உலர்ந்த சரக்குகளுக்கு மொத்த வியாபாரத் தெருக்கள் உள்ளன. மதுரைக் கீழமாசி வீதியைப் போன்ற தெருக்களில் மூட்டைக் கணக்கில் விற்பவர்களுட் சிலர் ஐந்து கிலோ, பத்துக் கிலோவும் கொடுப்பதுண்டு. பத்திரிகைகளில் வெளியாகும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை வியாபாரிகள்தாம் படிக்க வேண்டுமென்பதில்லை. குடும்பஸ்தரும் வாரம் ஒரு முறை படித்தால், மொத்த விலை இறங்கியும் தம் தெருக் கடையில் விலை இறங்காதிருப்பதைக் கண்டுகொள்ளலாம். கூட்டுறவு அங்காடிகளும் பல ஊர்களில் நடக்கின்றன. திருவல்லிக்கேணிச் சங்கத்தாரின் காமதேனு, கோவையில் சிந்தாமணி, மதுரையில் பாண்டியன் என்று அவற்றுக்குப் பெயர்கள். தக்காளி விலை 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சர்க்கார் நியாயவிலைக் கடைகளிலும் கூட்டுறவுப் பசுமைக் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்கச் செய்ததை நேயர்கள் மறந்திரார்.

தெருமுனைக் கடையை இவ்வரிசையில் விட்டுவிடக் கூடாது. அவசரத்துக்கும், சிறு அளவுக்கும், நடந்து போகும் தூரத்துக்கும் அவரே துணை. பத்து நிமிடத்தில் வீட்டு வாயிலில் கொண்டுவந்து கொடுக்கும் கைப்பேசி வியாபாரத்தைப் பற்றி ஒன்று சொல்வோம். சரக்கின் விலையை மட்டும் பாராமல், பில்லின் அடியில் சேரும் கொண்டுவரும் கூலி, கையாளும் கூலி முதலியவற்றையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்க. அன்றியும், நினைத்தபோதெல்லாம் வாங்கலாம் என்ற சௌகரியம் நினையாததையும் வாங்கச் செய்யும்.

அளவே ஆதாரம்

விலையை ஒப்பிடுவதற்கு அளவு ஒன்றாயிருக்க வேண்டும். படியும் ஆழாக்கும் வீசையும் பலமும் ஊருக்கு ஊர் வேறுபட்டுக் கிடந்த காலத்தில் இந்த ஒப்பீடு எளிதாயிருக்கவில்லை. அந்தக் குழப்பத்தை நீக்கவே 1956-இல் நிறுவை அளவைச் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் நாடெங்கும் நிலைபெற்றன. ஆனால், புதிய குழப்பம் ஒன்று பொட்டலத்தின் வழியே வந்து சேர்ந்திருக்கிறது. விலையை உயர்த்தாமல் அளவைக் குறைப்பதே அது. ஒரு பொட்டலத்தில் 1 லிட்டர் எண்ணெய், 155 ரூபாய். அதே பருமனாகத் தோன்றும் மற்றொன்றில் 850 மில்லி, 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மலிவென்று கை நீளும். கணக்குப் பார்த்தால் அது லிட்டர் ஏறக்குறைய 165 ரூபாய். எண்ணெயில் வேறொரு நுட்பமும் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் எடையிருக்கும். கிலோ விலையையும் லிட்டர் விலையையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

இதற்குச் சட்டம் ஒரு துணை செய்திருக்கிறது. பொட்டலப் பொருள் விதிகள் 2011-இல் ஏற்பட்டன. 2021-இல் செய்த திருத்தத்தால், மொத்த விலையோடு அலகு விலையையும் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டுமென்று விதிக்கப்பட்டு, பின்னர் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்தில் கிலோவுக்கு இவ்வளவென்றும், அதற்குக் குறைந்ததில் கிராமுக்கு இவ்வளவென்றும் அது காணப்படும். கிராமுக்கு 0.21 ரூபாய் என்று கண்டால் ஆயிரத்தாற் பெருக்குக. கிலோ 210 ரூபாய் என்று விளங்கிவிடும். இந்தச் சிறிய எழுத்தைப் படிப்பவரே கடையிற் கண்ணுடையவர்.

பொட்டலத்தின்மேல் உள்ள உச்ச விலையைப் பற்றியும் ஜனங்களிடையே ஒரு மயக்கம் உண்டு. அது சர்க்கார் நிர்ணயித்த நியாய விலையன்று. உற்பத்தியாளர் தாமே குறித்துக்கொண்ட மேல்வரம்பு. வரிகள் யாவும் அதில் அடக்கம். அதற்கு மேல் ஒரு காசு கேட்பதும் குற்றம். அதற்குக் கீழே விற்க எவ்விதத் தடையும் இல்லை. ஆகவே, அச்சிட்ட விலையைக் கொடுத்துவிட்டோம், நாம் ஏமாறவில்லை என்று திருப்தியடைவது தகாது. தராசுக்கும் இவ்வாறே ஒரு விதி உண்டு. மின்னணுத் தராசுகள் ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிடப்பட வேண்டும். நம் மாகாணத்தில் அவ்வதிகாரம் தொழிலாளர் துறையினருடையது. முத்திரை எங்கே என்று மரியாதையாகக் கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. பில் வாங்குவதும் அவசியம். சாக்ஷியமில்லாத வழக்கு எந்த நியாயஸ்தலத்திலும் நில்லாது. 1986-இல் வந்து, 2019-இல் புதுப்பிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணையிருக்கிறது. 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையீட்டைத் தெரிவிக்கவும் ஏற்பாடு உண்டு.

காலமும் தூரமும்

நம் பாட்டிமார் புளியை மாசி பங்குனியில் வாங்கி, கொட்டை நீக்கி, உப்பிட்டு, பானையில் அடைத்து வருஷம் முழுவதும் வைத்துக்கொண்டார்கள். மிளகாயை அக்காலத்திலேயே வாங்கி வெயிலிற் காயவைத்தார்கள். புதுச் சரக்கு வரும் பருவத்தில் விலை இறங்கும் என்பதை எந்த நிபுணரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தை மாசியில் புதுத் துவரையும் வருகிறது. வருஷச் சரக்கு முழுவதையும் வாங்கப் பணமில்லாவிடினும், இரண்டு மாதத்துச் சரக்கை அப்பொழுது வாங்கி வைப்பது பலருக்கும் இயலும். தனியாவையும் மஞ்சளையும் முழுதாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது பொடியாக வாங்குவதிலும் பெரும்பாலும் மலிவு. கலப்படப் பயமும் குறைவு. மலிவென்று சொல்லி நஞ்சை வாங்கலாகாது. துவரம்பருப்பில் கேசரிப்பருப்பும், மஞ்சட்பொடியில் சாயமும் கலப்பவர் இருக்கின்றனர். சந்தையில் எவரும் கொடுக்காத விலைக்கு ஒருவர் கொடுப்பாராயின், அதன் காரணத்தை விசாரித்த பின்னரே பையை நீட்ட வேண்டும்.

விலை விசாரணைக்கும் ஒரு விலை உண்டு. அறுபது ரூபாய் மீதம் பிடிக்க நாற்பது ரூபாய் பஸ் சார்ஜும் அரைநாட் பொழுதும் செலவிட்டால் கையில் மிஞ்சுவது இருபது ரூபாயும் களைப்புமே. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் நகரச் சாதாரணப் பஸ்களில் பெண்டிர் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாம் என்றிருப்பதால், அவர்களுக்குத் தொலைவிலுள்ள சந்தையும் அருகில் வந்திருக்கிறது. ஆனால் கட்டணம் இல்லையென்பதற்காகப் பெண்டிருடைய நேரத்துக்கும் தோள் வலிக்கும் விலையில்லையென்று ஆடவர் எண்ணிவிடலாகாது. மாதத்துக்கு ஒருமுறை மொத்தத் தெரு, வாரத்துக்கு இருமுறை உழவர் சந்தை, இடையிலே தெருமுனைக் கடை என்று முறை வகுத்து, மூட்டை தூக்கும் வேலையை ஆடவர் ஏற்றுக்கொண்டால் வீட்டில் சச்சரவுக்கு இடமிராது. விலைகளைக் குறித்துவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அரிசி, துவரை, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, பால், புளி, மிளகாய், காப்பி அல்லது தேயிலை, காய்கறி ஆகிய பத்துக்கே பணத்தின் பெரும்பகுதி செல்கிறது. இப்பத்தின் கிலோ விலையை மூன்று இடங்களில் விசாரித்து எழுதினால், மூன்றே மாதத்தில் நோட்டு ஒரு நல்ல மந்திரியாகிவிடும்.

ஏழை அதிகம் கொடுப்பதேன்?

இதுவரை சொன்னவற்றை நடத்துவதற்கும் கையில் கொஞ்சம் முதல் வேண்டும். அன்றாடக் கூலி வாங்குபவர் இருபத்தைந்து கிலோ அரிசியை எவ்வாறு வாங்குவார்? அவர் 200 கிராம் பருப்பை 42 ரூபாய்க்கு வாங்குகிறார். வசதியுள்ளவர் அதே பருப்பை மொத்தத்தில் கிலோ 160 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று கொண்டால், ஏழை கொடுப்பது கிலோவுக்கு 210 ரூபாய். இல்லாதவனிடமே அதிகம் வசூலாகும் இந்த விபரீதத்தை டேவிட் காப்லோவிட்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலார் நியூயார்க் நகரத்து எளிய குடும்பங்களிடையே ஆராய்ந்து, ஏழைகளே அதிகம் கொடுக்கிறார்கள் என்று பொருள்படும் தலைப்பில் 1963-இல் நூலாக வெளியிட்டார். தனித்து நிற்கும் ஏழைக்கு இதில் மீட்சியில்லை. அவரைப் பார்த்துச் சாமர்த்தியமாக வாங்கு என்று உபதேசிப்பது கொடுமையுமாகும்.

மீட்சி கூடி வாங்குவதில் இருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 1844-இல், நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர் சிறு முதல் சேர்த்து ஒரு கடை வைத்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி: தொடக்கச் சரக்கு இவ்வளவே. கடன் கிடையாது, கலப்படம் கிடையாது, சரியான நிறை, லாபம் வாங்கினவருக்கே பங்கு. உலகக் கூட்டுறவு இயக்கம் அக்கடையைத் தன் முன்மாதிரியாகக் கொண்டது. அதே நெறியைப் பின்பற்றிச் சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முன்சொன்ன காமதேனு அதன் கிளையே.

பெரிய சங்கம் அமைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு மூட்டை அரிசியும், பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்றும், பத்துக் கிலோ துவரையும் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். மூட்டையில் வாங்குவதற்கு மற்றொரு நியாயமும் ஏற்பட்டது. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயரெழுதிய அரிசி பருப்பு முதலியவற்றுக்கு 25 கிலோ வரையில் நூற்றுக்கு ஐந்து வரி விதிக்கப்பட்டு, அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு விலக்குக் கொடுக்கப்பட்டது. உடனே சந்தையில் 26 கிலோ மூட்டைகள் தோன்றின. வியாபாரிகள் சட்டத்தைப் படித்து ஒரு கிலோவினால் வரியைத் தாண்டினார்கள்; வாங்குபவராகிய நாம் ஐந்து பேர் கூடி அம்மூட்டையைப் பிரித்துக்கொள்ளக் கூடாதா? கணக்கெழுத ஒருவர், சென்று வாங்க இருவர், நிறுத்துக் கொடுக்க ஒருவர் என்று மாற்றி மாற்றி வேலை செய்க. ரொக்கம் முன்னதாகச் சேர்ந்த பின்னரே சரக்கு வாங்குக. இல்லாவிடில் அண்டை வீட்டாரிடையே பற்று நோட்டுத் தோன்றி, சிநேகமும் சரக்கும் ஒருங்கே கெடும். அன்றாடக் கூலிக்காரர் வாரத்துக்கு ஐம்பது ரூபாய் வீதம் முன்கூட்டிக் கட்டிவைக்க ஒரு சீட்டுப் போன்ற ஏற்பாடு செய்தால், அவரும் மூட்டையிற் பங்காளியாகலாம்.

ஒரு எச்சரிக்கையுடன் முடிக்கிறோம். விலையைக் குறைத்தல் என்பது எல்லோரிடமும் ஒரே வகையான காரியமன்று. குளிரூட்டிய கூடத்தில் அச்சிட்ட விலையை வாய்திறவாமற் கொடுத்துவிட்டு, வெளியே நடைபாதையில் கீரைக்கட்டு விற்கும் அம்மாளிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடும் சிக்கனம் சிக்கனமன்று. அந்த இரண்டு ரூபாய் அவளுடைய வீட்டுப் பாலிலிருந்து பிடுங்கியது. கேள்வி கேட்க வேண்டிய இடம் பொட்டலத்தின் அளவு, மொத்த விலை இறங்கியும் இறங்காத சில்லறை விலை, முத்திரையில்லாத தராசு, சரக்கு வந்தும் இல்லையென்று சொல்லும் நியாயவிலைக் கடை. அங்கேயெல்லாம் நாவடக்கம் காட்டிவிட்டு எளியவரிடம் மட்டும் நாவன்மை காட்டுவது ஆண்மைக்கு அழகாகாது.

ஊர்ப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு இதில் நல்ல வேலை காத்திருக்கிறது. உங்கள் தெருவில் வருமானம் குறைந்த வீடுகள் எவையென்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்கக் கூசுவார்கள்; நீங்கள் கூச வேண்டாம். வருகிற மாதம் முதல் தேதிக்குள் உழவர் சந்தைப் பலகையையும், மொத்தத் தெருவையும், நியாயவிலைக் கடையையும் ஒருமுறை பார்த்து, பத்துப் பொருளின் விலையை ஒரு தாளில் எழுதி, படிப்பகத்தின் கதவிலோ தேநீர்க் கடையிலோ ஒட்டி வையுங்கள். அதைப் படித்து ஐந்து குடும்பங்கள் கூடினால் முதல் மூட்டை வந்துவிடும். அந்த ஐந்து வீடுகளில் குழந்தையின் பாலும், தாயின் பருப்பும் நிற்காமலிருக்கும்.